மரண அறிவித்தலில் கிடைத்த பட்டம்

ரேடியோவில் காலைச் செய்தி முடிந்தது. வீணையில் கொஞ்ச நேரம் சோக இசை. பிறகு அந்தக் குரல் வந்தது. மரண அறிவித்தல் வாசிக்கும் அந்தக் குரலைக் கேட்டால் ரொறன்ரோத் தமிழர் யாராக இருந்தாலும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுப்பார்கள். தெரிந்த ஆளோ என்று பார்க்கத்தான். அன்றைக்கு வாசிக்கப்பட்டது எங்கள் வீட்டு அறிவித்தல்.

“யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும், கனடா ஸ்ரௌவ்வில்லை வதிவிடமாகவும் கொண்ட...”

குசினியில் அம்மாவும் சித்தப்பாவும் நானும் இருந்தோம். செத்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்று ஆட்கள் கொண்டுவந்த சாப்பாடு, மேசை முழுக்க அலுமினியத் தட்டுகளில் கிடந்தது. இடியப்பம் ஓரம் காய்ந்துபோயிருந்தது. சொதியில் ஆடை படிந்திருந்தது. யாருக்கும் தொட மனமில்லை.

குரல் அப்பாவின் தாய் தகப்பன் பெயரைச் சொன்னது. அம்மாவின் பெயரைச் சொல்லி, அன்புக் கணவர் என்றது. அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்ததாக, “டொக்டர் மதுராவின் பாசமிகு தந்தையும்” என்றது.

நான்தான் மதுரா. நான் டொக்டர் இல்லை. அன்றைக்கும் இல்லை, இதை எழுதும் இன்றைக்கும் இல்லை.

“சித்தப்பா, ஆர் உந்த அறிவித்தலைக் குடுத்தது?”

சித்தப்பா அப்பாவின் தம்பி. நாலு நாள் தாடியோடு தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தபடி இருந்தார். “நான்தான் பிள்ளை குடுத்தனான்.”

“டொக்டர் எண்டு ஏன் போட்டனீங்கள்?”

அவர் பதில் சொல்வதற்குள் அம்மா முந்திக்கொண்டார். “இருக்கட்டும் பிள்ளை. ரெண்டு மூண்டு நாளைக்குத்தானே வாசிப்பினம்.”

அந்த இரண்டு மூன்று நாளும் காலையில் வாசிப்பார்கள், மத்தியானம் வாசிப்பார்கள், பின்னேரமும் வாசிப்பார்கள். காரில் போகிறவர்கள், மார்க்கம் நகரில் கடை திறக்கிறவர்கள், ஒஷாவாவில் வேலை முடிந்து வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். நான் போனை எடுத்து ரேடியோ நிலையத்தின் நம்பரை அழுத்தினேன். அந்த ஒரு சொல்லை எடுக்கச் சொல்வதென்று முடிவு செய்துவிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

மணி அடிக்கட்டும். அந்தச் சொல் என்னோடு எப்படி ஒட்டிக்கொண்டது என்பதை அதற்குள் சொல்லிவிடுகிறேன்.

கேக்கின் மேல் ஸ்டெதஸ்கோப்

அப்பா ஊரில், பல்கலைக்கழகத்துக்கு ஆள் எடுக்கும் ஏ.எல். பரீட்சைக்கு பயோ எடுத்தவர். இரண்டு தரம் எழுதினார். இரண்டு தரமும் மெடிசின் மயிரிழையில் தவறிப்போனது. மூன்றாம் தரம் எழுத நாட்டு நிலைமை விடவில்லை. கடைசியில் கனடாவுக்கு வந்து பிளாஸ்டிக் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தார். அங்கே சூப்பர்வைசராகவும் ஆனார். ஆனால் மனதின் ஒரு மூலையில் அந்தப் பரீட்சைப் பெறுபேறு ஒட்டிய பலகையின் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

அவர் அறிந்த உலகத்தில் வழி ஒன்றுதான். பயோ படித்து யூனிவேர்சிற்றிக்கு எடுபட்டால் அது மெடிசின். எடுபட்ட அன்றைக்கே ஊர் டொக்டர் என்று கூப்பிடத் தொடங்கிவிடும். வாத்தியார்மார் எழுந்து கை கொடுப்பார்கள்.

கனடாவில் அப்படி இல்லை. முதலில் நாலு வருடம் ஏதாவது ஒரு பட்டப்படிப்பு. அதற்குப் பிறகுதான் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்கிறவர்களில் பெரும்பாலானோருக்குக் கிடைக்காது. எனக்குக் கிடைத்தது லைஃப் சயன்ஸ் என்ற அந்த முதல் படி. அதை நான் அப்பாவிடம் மறைக்கவில்லை.

“அப்பா, இது மெடிசின் இல்லை. லைஃப் சயன்ஸ்.”

“ஓம் ஓம். முதல் உடம்பைப் பற்றிப் படிப்பிப்பினம். பேந்துதானே வெட்டிப் பாக்க விடுவினம்.”

“இல்லை அப்பா, நாலு வருஷம் முடிச்சிட்டு அப்ளை பண்ண வேணும்.”

“அதெல்லாம் சும்மா ஒரு போம் நிரப்பிற வேலை. பயோவுக்கு எடுத்தவங்கள் பிறகு என்ன, கணக்குக்கோ விடப்போறாங்கள்?”

இந்தப் பிழையை வேறு எந்தச் சனமும் விட்டிருக்காது என்று அப்போது நினைத்தேன். எங்கள் ஆட்கள்தான் இரண்டு நாட்டுக் கதவுகளுக்கும் ஒரே திறப்பு என்று நம்புவார்கள். மார்க்கம் நகரில் ஒரு ஹோல் எடுத்து அப்பா விருந்து வைத்தார். பெரிய வெள்ளைக் கேக். அதன் மேல் கறுப்பு ஐசிங்கில் ஸ்டெதஸ்கோப் ஒன்று சுருண்டு கிடந்தது. வெட்டும்போது கத்தி அதன் குழாயில்தான் முதலில் இறங்கியது. அந்தக் கறுப்பு என் பல்லில் ஒட்டியிருந்ததை எல்லாப் படங்களிலும் இப்போதும் பார்க்கலாம்.

அன்றைக்குத்தான் மலர் அன்ரி என்னைப் பிடித்துக்கொண்டார். அம்மாவின் பழைய சிநேகிதி. சாப்பாட்டு வரிசைக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்து, சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கினார். கால் வீங்கிப் பளபளத்தது.

“டொக்டர் பிள்ளை, உதை ஒருக்கா வடிவாப் பாரும்.”

எனக்கு அப்போது பதினெட்டு வயது. முதலாம் வருடப் புத்தகம்கூட வாங்கவில்லை. “உங்கட டொக்டரிட்டைக் காட்டுங்கோ அன்ரி” என்றேன். பக்கத்தில் நின்றவர்கள், பார், இப்பவே என்ன தன்மையாகச் சொல்கிறாள் என்று மெச்சினார்கள்.

எல்லோரும் எங்கேயோ ஒரு வீட்டில் டொக்டர்

டவுன்ரவுனில் என் பல்கலைக்கழகம். அந்த விரிவுரை மண்டபத்துக்குள் முதல் நாள் போய்ச் சுற்றிப் பார்த்தேன். கூரை வரைக்கும் ஆட்கள். சீனப் பிள்ளைகள், பாகிஸ்தான் பிள்ளைகள், ஈரான் பிள்ளைகள், நாங்கள். எல்லோரும் எங்கேயோ ஒரு வீட்டில் டொக்டர். எல்லோருக்கும் எங்கேயோ ஒரு கேக் வெட்டியாயிற்று.

பள்ளிக்கூடத்தில் முதலாம் ஆளாக இருந்தவள் நான். அங்கே நடுவில் ஒருத்தியாகக்கூட நிற்க முடியவில்லை. ஸ்ரௌவ்வில்லிலிருந்து விடிவதற்கு முன் ரயில் ஏறுவேன். கண்ணாடியில் தலையைச் சாய்த்துக் குறிப்பைப் படிப்பேன். இரசாயனப் பாடத்தில் ஐம்பதுகளில் ஒரு மார்க் வந்தது. அதைப் போனில் பார்த்த இடம் நூலகத்தின் அடித்தளத்துக் கழிப்பறை. கைகழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். அடுத்த தொட்டியில் இன்னொருத்தி அழுதுகொண்டிருந்தாள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

இரண்டாம் வருடமும் அப்படித்தான் போனது. மருத்துவக் கல்லூரி என்ற ஒன்றுக்கு இந்த மார்க் காணாது என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. எனக்கு டொக்டராக விருப்பம் இருந்ததா என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். இருந்தது. அப்பாவுக்காக மட்டும் இல்லை. மனித உடம்பு எனக்குப் பிடிக்கும். சிறுநீரகத்தின் குறுக்குவெட்டு முகத்தை ஒருமுறை வரைந்துவிட்டு, அதன் அழகில் அன்று முழுதும் சந்தோஷமாகத் திரிந்திருக்கிறேன். அதுதான் வருத்தமே.

அப்போதுதான் ரியூஷன் மாஸ்ரர் ஒருவரிடம் போனேன். ஸ்காபரோவில் ஒரு பிளாசா மாடியில் வகுப்பு நடத்துகிறவர். பிள்ளைகளை டொக்டராக்குவதில் பேர் போனவர். அவர் ஒருபோதும் மருத்துவக் கல்லூரிப் பக்கம் போனவர் இல்லை.

“உந்தப் பெரிய இடத்திலை கிடந்து என்னத்துக்குச் சாகிறாய்? சின்ன யூனிவேர்சிற்றிக்கு மாறு. மார்க் தானா ஏறும்.”

“பழைய மார்க் என்ன செய்யும் மாஸ்ரர்?”

“அது அங்கையே செத்துப் போயிடும். புது இடத்திலை பாடத்தை மட்டும்தான் எடுப்பினம், மார்க்கை எடுக்க மாட்டினம். எத்தினை பேரை மாத்திவிட்டனான்.”

கிழக்கே

கிழக்கே, ஒஷாவாவுக்கும் அங்கால் ஒரு சின்னப் பல்கலைக்கழகத்துக்கு மாறினேன். ஒரு விஷயத்தில் மாஸ்ரர் சொன்னது உண்மை. புது இடத்துப் பெறுபேற்றுத் தாளில் என் பழைய பாடங்களின் பெயர் மட்டும் வந்தது. மார்க் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அந்த வெறுமையைப் பார்த்து நான் எவ்வளவு நிம்மதியாக மூச்சு விட்டேன் என்று சொல்ல முடியாது.

அப்பாவுக்கு மாற்றம் பிடிக்கவில்லை. “ஏன் மாறுறாய்? டவுன்ரவுன் எண்டாத்தானே சனம் மதிக்கும்” என்று ஒருநாள் முழுக்கக் கேட்டார். அம்மா அதைக் கையில் எடுத்துக்கொண்டார். கேட்டவர்களுக்கெல்லாம், “அங்கை ஆஸ்பத்திரிக்குக் கிட்டவாம்” என்றார். எந்த ஆஸ்பத்திரி என்று ஒருவரும் கேட்கவில்லை.

இரண்டு பாடங்களை ஏற்க மாட்டோம் என்றார்கள். பௌதிகவியலை முதலிலிருந்து, என்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு இருந்து படித்தேன். ஆய்வுகூடத்தில் எல்லோருக்கும் ஏற்கனவே சோடி இருந்தது. முதலாம் வருடம் தொடக்கம் ஒன்றாகத் திரிந்த பிள்ளைகள். நான் மேசையின் கடைசியில் தனியாக நின்று செய்தேன். பனிக்காலத்தில் அப்பாவின் பழைய காரில் ஏழாம் நெடுஞ்சாலையால் போவேன். இரண்டு பக்கமும் வெறும் வயல். போய்ச் சேர்ந்து, படித்து, திரும்பி வரும்வரை சில நாட்களில் என் வாயிலிருந்து ஒரு சொல்லும் வந்திருக்காது.

ஆனால் மார்க் ஏறியது. நன்றாகவே ஏறியது. மருத்துவக் கல்லூரிக்குப் பேராசிரியர்களின் சிபாரிசு வேண்டும். என் பேராசிரியர் ஒருவரிடம் போய்க் கேட்டேன். அவர் நல்ல மனிதர். எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, “உங்கள் பெயர் என்ன?” என்று கேட்டார். பழைய இடத்தில் என்னைத் தெரிந்தவர் இல்லை. புதிய இடத்தில் தெரிந்துகொள்ள ஒருவருக்கும் காலம் காணவில்லை.

விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்த அன்றைக்குத்தான் மற்றது தெரிந்தது. எங்கெங்கே படித்தீர்களோ அந்த இடங்கள் ஒவ்வொன்றிலிருந்தும் பெறுபேறு நேரடியாக வர வேண்டும் என்றிருந்தது. செத்துப்போன மார்க் முழுவதும் எழுந்து வந்து வரிசையில் நின்றது. இரண்டு இடத்தையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தேன். காணாது.

மாஸ்ரருக்குப் போன் எடுத்தேன்.

“அப்பிடியோ? அப்ப சட்டத்தை மாத்திப் போட்டாங்கள் போலை” என்றார். பிறகு, தம்பி யாரும் ரியூஷனுக்கு இருக்கிறாரா என்று கேட்டார்.

மஞ்சள்

வசந்த காலத்தில் பதில்கள் வந்தன. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வரி. நேர்முகத்துக்குக்கூட ஒருவரும் கூப்பிடவில்லை. கடைசிப் பதில் வந்த கிழமையில்தான் ஒருநாள் மத்தியானம் அப்பா யன்னலோரம் இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். வெயில் முகத்தில் விழுந்தது. நிமிர்ந்து எனக்கு ஒரு சுளை நீட்டினார். அவருடைய கண்ணின் வெள்ளை, வெள்ளையாக இல்லை.

“அப்பா, வெளிக்கிடுங்கோ. ஆஸ்பத்திரிக்குப் போவம்.”

“ஏன், உனக்கு என்ன?”

“உங்களுக்குத்தான்.”

போகிற வழியெல்லாம் அவருக்குச் சந்தோஷம். கண்ணைப் பார்த்தே பிடித்துவிட்டாளே என்று சித்தப்பாவுக்குப் போனில் சொன்னார். நான் பிடித்துத்தான் இருந்தேன். ஆனால் அந்தப் புற்றுநோய் கணையத்தில் தொடங்கி ஈரலுக்கு எப்போதோ போய்விட்டிருந்தது. நேரத்தோடு பிடிபடும் வருத்தம் இல்லை அது. சரியாகச் செய்தும் ஒன்றும் ஆகவில்லை.

மொழிபெயர்க்க ஆள் கூப்பிடவா என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். அப்பா என்னைக் காட்டி, ஆங்கிலத்தில், “மை டோட்டர். டொக்டர்” என்றார். அங்கிருந்த டொக்டர் பெண் என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவளாக இருந்திருப்பாள். கண் மலர்ந்து, எந்த மருத்துவமனை என்று கேட்டாள். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். அவளுக்கு விளங்கியது. அதற்குப் பிறகு அவள் என்னோடு மிக மெதுவாக, இலகுவான சொற்களில் பேசினாள். அந்தக் கருணை எனக்கு அடித்ததுபோல் இருந்தது.

அவள் போன பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பரவியிட்டுதாம் அப்பா. வெட்டி எடுக்க ஏலாதாம். கொஞ்சக் காலம்தானாம்.”

“அது அவள் சொல்லுறது. நீ என்ன சொல்லுறாய்?”

“நான் என்னத்தை அப்பா சொல்ல?”

“நீ சொன்னாத்தான் நான் நம்புவன்.”

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். “அப்பா, நான் டொக்டர் இல்லை. எனக்கு மெடிசின் கிடைக்கேல்லை. எல்லா இடமும் இல்லையெண்டிட்டினம். நான் முந்தியே உங்களுக்குச் சொன்னனான், இது வேறை, மெடிசின் வேறை எண்டு. விளங்குதோ அப்பா?”

அவர் முகத்தை யன்னல் பக்கம் திருப்பினார். வெளியே யாரோ வண்டில் ஒன்றைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அதன் ஒரு சில்லு கிரீச்சிட்டது.

“யன்னல் சீலையை இழுத்து விடு பிள்ளை. கண் கூசுது” என்றார்.

இழுத்துவிட்டேன். அந்தக் கதையை அவர் பிறகு எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. கோடை தொடங்க முன்னரே போய்விட்டார்.

ரேடியோ அண்ணை

மணி அடித்துக்கொண்டிருந்த போனை ஒருவர் எடுத்தார். காலையில் வாசித்த அதே குரல். போனில் இன்னும் மென்மையாக இருந்தது.

“வணக்கம். சொல்லுங்கோ.”

“அண்ணை, இப்ப வாசிச்ச அறிவித்தல் எங்கட வீட்டு அறிவித்தல். நான் மகள் கதைக்கிறன். அதிலை ஒரு சொல்லு...”

சித்தப்பா மேசைக்கு மேலால் எட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“பிள்ளை, உதை நான் எழுதேல்லை. அண்ணை சொன்னவர். ஆஸ்பத்திரியிலை வைச்சு, அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினனான். ‘டொக்டர் மதுரா எண்டு போடு, விட்டிடாதை’ எண்டு ரெண்டு தரம் சொன்னவர்.”

“எப்ப?”

“கடைசிக் கிழமை.”

கடைசிக் கிழமை என்றால் நான் சொன்னதற்குப் பிறகு. யன்னல் சீலையை இழுத்துவிட்டதற்குப் பிறகு.

துக்கம் வரவில்லை. கோபம்தான் வந்தது. செத்த மனிதன் மேல் அப்படிக் கோபம் வரும் என்று எனக்கு முன்னர் தெரியாது. நாலு வருடம் நான் அவருக்கு முன்னால் நின்று சொல்லியிருக்கிறேன். கடைசியில் கையைப் பிடித்துக்கொண்டும் சொன்னேன். அவ்வளவையும் கேட்டுவிட்டு, கேட்டது போதும் என்று தன் மரண அறிவித்தலில் எனக்குப் பட்டம் தந்துவிட்டுப் போயிருக்கிறார். திருப்பிக் கொடுக்க ஆளும் இல்லை.

“ஹலோ? என்ன மாத்த வேணும், சொல்லுங்கோ” என்றது குரல்.

அம்மா என்னைப் பார்த்தார். சித்தப்பாவும் பார்த்தார்.

“ஒண்டுமில்லை அண்ணை. அப்பாவைப் பார்வைக்கு வைக்கிற ஹோலின்ர பேர் சரியாப் போகுதோ எண்டு கேக்கத்தான் எடுத்தனான்.”

“எல்லாம் வடிவாப் போகுது. நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, டொக்டர்.”

பார்வைக்கு

ஹோலில் நல்ல சனம். கம்பளத்தில் பூ மணமும் ஊதுபத்தி மணமும் சேர்ந்து கிடந்தன. அப்பாவுக்குப் பட்டு வேட்டி, நெற்றியில் திருநீறு. முகத்தில் ஏதோ பூசி மஞ்சளை மறைத்திருந்தார்கள். நானும் அம்மாவும் முதல் வரிசையில் இருந்தோம். வந்தவர்கள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். எனக்குக் கேட்கும்படியாகத்தான் சொன்னார்கள்.

“வீட்டுக்குள்ளையே டொக்டர் இருந்தும் காப்பாத்த ஏலாமப் போச்சே.”

ஒருவர் இல்லை, பலர் சொன்னார்கள். ஒவ்வொரு தரமும் அம்மா தலையைக் குனிந்தார். நானும் குனிந்தேன்.

மலர் அன்ரி பொல்லு ஊன்றி வந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அழுதார். பிறகு என் பக்கத்துக் கதிரையில் பெருமூச்சோடு இருந்து, முழங்காலைத் தடவினார். அங்குமிங்கும் பார்த்துவிட்டு மெல்லச் சேலையைத் தூக்கினார்.

“இதுக்குள்ளை கேக்கிறன் எண்டு குறை நினையாதையும். உது இன்னும் வத்தேல்லை. ஒருக்காப் பாரும் பிள்ளை.”

அப்போதே பார்த்த கால். இப்போது இரண்டு மடங்கு. எனக்கு ஏன் என்று தெரியாது, நான் கம்பளத்தில் குந்தி, கணுக்காலுக்கு மேல் பெருவிரலால் அமத்திப் பார்த்தேன். விரலை எடுத்த பிறகும் குழி மாறாமல் நின்றது. இருதயமோ சிறுநீரகமோ என்று மனம் தன்பாட்டில் கணக்குப் போட்டது. நான் வரைந்து ரசித்த அதே சிறுநீரகம்.

“நாளைக்கே டொக்டரிட்டைப் போங்கோ அன்ரி. பிந்தாதேங்கோ.”

“அதுதானே உம்மட்டைக் காட்டுறன்.”

“நான் டொக்டர் இல்லை அன்ரி.”

“உது என்ன கதை? காலமை ரேடியோவிலையும் சொன்னவை.”

எழுந்து நின்றேன். குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது.

“நான் டொக்டர் இல்லை. எனக்கு மெடிசின் கிடைக்கேல்லை. நான் ஒருநாளும் டொக்டரா இருந்ததில்லை அன்ரி.”

பின் வரிசைகளில் கதை நின்றது. ஐயர்கூடத் திரும்பிப் பார்த்தார். அம்மா அசையவில்லை. மலர் அன்ரி சேலையைக் கீழே இழுத்துவிட்டு, என் கையை எட்டிப் பிடித்து, பெட்டிப் பக்கம் கண்ணைக் காட்டினார்.

“மெல்லமாக் கதையும் பிள்ளை. அப்பாவுக்குக் கேக்கப்போகுது.”